உதிலை நிக்கிறாள்

நெல்லியடி
05.08.2024

அன்புள்ள யசிந்தாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துவிட்டேன். உங்கள் முகவரியைக் குருநகரில் விசாரித்துத் தந்தவர், உங்களுக்கு இப்போது காது கேட்பதில்லை, தொலைபேசியில் கதைத்துப் பயனில்லை என்றும் சொன்னார். ஆகவே எழுதுகிறேன். நேரில் வந்தால் உங்கள் வாசல் படலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் நோர்மன். 'உவர்க்கிணறு' படத்தில் பேயைக் கண்டு அலறிய வாத்தியார். நீங்கள்தான் அந்தப் பேய். படம் வெளியான மாலை, படமாளிகை வாசலில், "என்னை விழுங்கிப்போட்டியள்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாற்பத்தொன்பது வருடங்களாகிவிட்டன.

அந்தப் படத்தின் ஒரு பிரதி கொடிகாமத்தில் ஓர் அரிசி ஆலையின் பின்னறையில் அகப்பட்டிருக்கிறது. சினிமா படிப்பிக்கிற பிரியந்தினி என்ற பிள்ளை அதைத் துப்புரவாக்கிக் கணினியில் ஏற்றியிருக்கிறார். செப்ரெம்பர் 28, சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் காட்டப்போகிறார்கள். என்னைத் தேடி வந்து சொன்னார்.

"ஐயா, கடைசி றீலிலை படம் இருக்கு, சத்தம் இல்லை. சத்தம் பதிஞ்ச ஓரத்தைப் பூஞ்சணம் திண்டிட்டுது. உங்கடை வசனத்தை நீங்கள்தான் மேடையிலை நிண்டு சொல்லவேணும்."

"எந்த வசனம்?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறியள். என்ரை அப்பா சின்னனிலை என்னை வெருட்டினதே அதைச் சொல்லித்தான்."

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்காகச் சொல்லாவிட்டால் எனக்கு எழுத வராது. பிரதியில் இருந்த வசனம், "அதோ, அங்கே நிற்கிறாள்!" கமரா என் முகத்தில் இருந்தது. நான் அலறியது, "உதிலை நிக்கிறாள்!" வேறு ஊரில் என்றால் ஒன்றும் நடந்திராது. எங்களுடைய சனத்துக்கு 'உதிலை' என்றால் கேட்கிறவனுக்குப் பக்கத்தில். திரையிலிருந்து ஒருவன் அவர்களைப் பார்த்து 'உதிலை' என்றதும் படமாளிகை முழுவதும் அலறிக் குழறிக்கொண்டு பின்னால் திரும்பியது. அவர்கள் திரும்பிய அந்த மூச்சு நேரத்தில்தான் நீங்கள் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்தீர்கள். முகங்கள் திரைக்கு மீண்டபோது நீங்கள் இல்லை.

படத்தை எழுதி இயக்கிய லெனாட் அண்ணை வசனத்தை மாற்றி எடுக்கவில்லை. பிலிம் முடிந்துவிட்டது என்றார். பிறகு படம் ஓடியதே அதனால்தான் என்றார். ஸ்ரூடியோவை அடகுவைத்துப் படம் எடுத்த மனிதரிடம் நான் என்ன கேட்பேன்?

பிரியந்தினி இன்னொன்றும் கேட்டார். எழுத்தோட்டத்தில் 'பேய்' என்று போட்டு, எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. "அது ஆர், ஐயா?" உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் உங்கள் அப்பா உங்களை அனுப்பினார் என்பது எனக்கு நினைவிருந்தது. தெரியாது என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதபடியால் என் முகத்தில் அது தெரிந்திருக்கும்.

உங்கள் பெயரைச் சொல்லலாமா? அன்றைக்கு நீங்கள் வருவீர்களா? மறுப்பதானாலும் ஒரு வரி எழுதுங்கள்.

பணிவன்புடன்,
நோர்மன்


குருநகர்
15.08.2024, மாதா பெருநாள்

மாஸ்டருக்கு,

பூசை முடிஞ்சு வந்துதான் உங்கடை கடிதத்தை உடைச்சன். முதலே உடைச்சிருந்தால் பூசையிலை நற்கருணை எடுத்திருக்க மாட்டன், அவ்வளவு கோவம்.

என்ரை பேரைச் சொல்லி என்ன செய்யப்போறியள்? இவதான் பேய், ஆனால் ஒருதரும் காணேல்லை எண்டு சொல்லுவியளோ?

உங்களுக்கு நான் பட்ட பாடு தெரியாது. என்னைப் பெத்த அப்பு கூத்திலை அலகை வேசம், அதுதான் பேய் வேசம், கட்டிறவர். அவர் மேடைக்கு வரேக்கை பிள்ளையள் தாயின்ரை சீலைக்குள்ளை பூருங்கள். எனக்கு அந்த வேசத்திலை பைத்தியம். ஆனால் அப்ப எங்கடை பக்கம் பொம்பிளை வேசத்தையும் ஆம்பிளையள்தான் கட்டுவினம். நான் திரைச்சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்துப் பாத்துப் பழகினன். லெனாட் வந்து கேட்ட நேரம் அப்பு சொன்னார், "முகத்திலை மயிர் விழுந்து கிடக்கும், ஆரெண்டு தெரியாது, போட்டு வா. ஒருக்கால்தான்."

ஒருக்கால்தான், மாஸ்டர். அதுக்குப் பிறகு கலியாணம், பிள்ளையள், சண்டைக்குப் பயந்து ஓட்டம். நான் நடிச்சது அந்த ஒரு எழும்புதல்தான்.

தொண்டைமானாற்றிலை அந்தக் கிணத்து உவர்த்தண்ணிக்கை கழுத்துமட்டும் நிண்டன். முகத்திலையும் மயிரிலையும் அரிசிமா, அதிலை மீன் வந்து கொத்துது. வெய்யில் நடு உச்சியிலை. கமராவுக்கு முன்னாலை ஒரு கறுத்தக் கண்ணாடித் துண்டைப் பிடிச்சுப்போட்டு, "இப்ப சாமம், பிள்ளை, குளிருது எண்டு நினை" எண்டு லெனாட் சொல்லுறார். நான் அப்புவின்ரை முறையிலை எழும்பினன். முதல் மயிர். பிறகு நெற்றி. கண் கடைசி. மூடின கண்ணோடை கழுத்துமட்டும் வந்து, அதுக்குப் பிறகுதான் திறக்கவேணும். திறந்தன். கமராக்காரன் "யேசுவே" எண்டான். அவன் சைவம், மாஸ்டர்!

அதைத்தான் நீங்கள் ஒரு சொல்லாலை திண்டியள்.

உங்களுக்கு உதவி வேறை செய்தன். உங்கடை முகத்தை எடுக்கேக்கை உங்களுக்குப் பயம் வரேல்லை, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறியள். லெனாட் தலையிலை அடிக்கிறார். நான் ஈரச்சீலையோடை ஏறிவந்து கமராக்காரன்ரை தோளுக்குப் பின்னாலை நிண்டு கொண்டு உங்களைப் பாத்தன், உங்களுக்குக் கொஞ்சம் பயம் வரட்டுமெண்டு. அதுக்குக் கைமாறு நல்லாச் செய்தியள்.

மரியரட்ணத்தாரை எண்டாலும் சனம் பாத்தது. மீன் ஏலம் கூறிற மனிசன், மந்திரவாதியா வந்து, மந்திரம் மறந்துபோய், "ஒருதரம்... ரண்டுதரம்..." எண்டு பேயை ஏலத்திலை விட்டாரே! அதைக் கண்டு சிரிச்ச சனம் என்னைக் காணேல்லை.

இப்ப சத்தம் இல்லையெண்டால் நல்லது. கடவுள் தந்த சந்தர்ப்பம். லெனாட் எழுதின மாதிரி "அங்கே" எண்டு சொல்லுங்கோ. சனம் திரையைப் பாக்கட்டும். பாத்தாப்பிறகு என்ரை பேரைச் சொல்லுங்கோ. மாட்டியளெண்டால் கேள்விக்குறி கேள்விக்குறியாக் கிடக்கட்டும்.

யசிந்தா


நெல்லியடி
20.08.2024

அன்புள்ள யசிந்தாவுக்கு,

நீங்கள் சொன்னபடி "அங்கே" என்றே சொல்வேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதை நான் தப்பிக்கச் சொல்லும் சாட்டு என்று நினைக்கக்கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மீண்டும் மீண்டும் வாசித்தேன். கமராக்காரனின் தோளுக்குப் பின்னால் நின்றீர்களா?

நான் கண்ணாடி போடுகிறவன். படத்துக்காக லெனாட் அண்ணை அதைக் கழற்றிவிட்டார். "பேயைக் காணப்போறவனுக்குக் கண்ணாடி எதுக்கடாப்பா?" கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகம் பால் கலந்த தண்ணீர். கிணறு இடது பக்கம், அங்கே பார்த்து அலறு என்றார்கள். பார்த்தேன், பயம் வரவில்லை. பிறகு கமராவின் பக்கம் வெள்ளையாக ஒன்று அசைந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அங்கே ஒருவரும் நிற்கக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீங்கள் கரையில் தலை துவட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். கமராக்காரனைப் பார்த்துக் குழறினேன்: உதிலை நிக்கிறாள்.

அது வசனம் அல்ல, யசிந்தா. நான் அந்த மனிதனுக்குச் சொன்னது. அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒன்றைக் காட்ட எங்கள் ஊரில் வேறு சொல் இல்லை.

"கட்" சொன்னதும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் ஒருவரும் இல்லை. நீங்கள் போயிருப்பீர்கள். லெனாட் அண்ணை, "வசனத்தை மறந்து உளறிப்போட்டாய்" என்றார். நானும் நம்பினேன். மறந்தேனா, பயத்தில் மூளை பிசகியதா என்று எனக்கே தெரியாது. இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு அது சிறிய கேள்வியல்ல.

சுட்டெழுத்துப் பாடத்துக்கு நான் எப்போதும் பயந்தேன். அ, இ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உ எழுதத் திரும்பினால் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: "சேர், உதிலை!" வகுப்பு முழுவதும் பின்னால் திரும்பும். எனக்குப் பெயர் 'உதிலை மாஸ்டர்'. தகப்பனுக்குப் பிறகு மகனும் அதையே சொன்னான். ஓய்வுபெற்ற பிரியாவிடையில் அதிபரே அப்படி வாய்தவறிவிட்டார். நான் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதில் நின்றேன் என்று. அப்படியானால் நான் உளறவில்லை. சனம் திரும்பிப் பார்த்ததும் முட்டாள்தனமாக அல்ல. உண்மையாகவே நீங்கள் நின்ற பக்கத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள். கொஞ்சம் பிந்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது உங்களுக்கு ஆறுதலாக இருக்குமோ, கோபத்தைக் கூட்டுமோ எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறுதல். அதற்கு நன்றி.

பணிவன்புடன்,
நோர்மன்


குருநகர்
29.08.2024

மாஸ்டருக்கு,

கடிதத்தை வாசிச்சுப்போட்டுச் சிரிச்ச சிரிப்பிலை என்ரை மகள் றொசாந்தி குசினிக்குள்ளாலை ஓடிவந்திட்டாள். கையாலை "என்ன?" எண்டு கேட்டாள். நான் சொன்னன், "நாப்பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் என்னைக் கண்டு பயந்தவன் எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறான்." அவள் தலையிலை கைவைச்சு, அம்மாவுக்குக் காதோடை மற்றதும் போட்டுது எண்ட மாதிரிப் பாத்தாள்.

அப்ப, என்னாலைதான் என்னை ஒருதரும் காணேல்லை. நான் உங்களுக்குப் பயங்காட்ட வந்து நிண்டிருக்காட்டில் நீங்கள் ஒழுங்கா "அங்கே" எண்டிருப்பியள். இதை ஆரிட்டைச் சொல்லி அழுறது?

பள்ளிக்கூடத்துக் கதை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் கொஞ்சம் முந்தி எழுதியிருப்பன். கனக்க முந்தி இல்லை, கொஞ்சம்.

இன்னொண்டு சொல்லுறன். அந்த எழும்புதலை நானும் காணேல்லை. படமாளிகையிலை நான் திரையைப் பாக்கேல்லை, சனத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். பயப்பிடுகினமோ எண்டு பாக்கத்தானே போனனான். எல்லாத் தலையும் பின்னாலை திரும்பிச்சுது, நானும் அதுகளோடை திரும்பினன். பிறகு பாக்க முதல் முடிஞ்சுது. அப்பு திரும்பவும் போக விடேல்லை. அதுக்குப் பிறகு படமும் இல்லை, படமாளிகையும் இல்லை. நான் கண்ணைத் திறந்தது சரியோ பிழையோ எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது.

அண்டைக்கு நான் வரமாட்டன். காது கேளாத கிழவி அங்கை வந்து ஆற்றையோ வாயைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? நீங்கள் சொன்ன சொல்லுக்கு நில்லுங்கோ. "அங்கே."

யசிந்தா


நெல்லியடி
09.09.2024

அன்புள்ள யசிந்தாவுக்கு,

நேற்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். பேருந்தில் போகும்போதே திரும்பிவிடலாமா என்று இரண்டு தரிப்பில் எழுந்து நின்றேன்.

என்னைத் திரைக்குப் பக்கத்தில், சனத்தைப் பார்த்தபடி நிற்கவைக்கிறார்கள். திரையில் என் முகம் வரும்போது பிரியந்தினி ஒரு சின்ன விளக்கைக் காட்டுவார். நான் சொல்ல வேண்டும். சொன்னேன். "அதோ, அங்கே நிற்கிறாள்!" வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கதிரை அடுக்க வந்தவர்கள் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"ஐயா, குறை நினையாதையுங்கோ," என்றார் பிரியந்தினி. "'உதிலை' சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டனாங்கள். அதைக் கேக்கத்தான் சனம் வருது."

"நான் ஒருவருக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கேள்விக்குறிக்கு."

அந்தப் பிள்ளை தன் தாளில் 'உதிலை' என்பதை வெட்டி 'அங்கே' என்று எழுதிக்கொண்டார். நல்ல பிள்ளை.

வாக்கை மாற்ற நான் எழுதவில்லை. ஆனால் அந்த மேடையில் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். எனக்கு நேர் எதிரே, கதிரைகளுக்குப் பின்னால், படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. அன்றைக்குக் கமரா இருந்த இடம் என்று வையுங்கள். நீங்கள் நின்ற இடம் அந்தக் கதவு.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சரியா என்றும் தெரியவில்லை. "அங்கே" என்று நான் சொன்னால் சனம் திரையைப் பார்க்கும். ஆனால் பயமில்லாமல் பார்க்கும். பயமில்லாத சனத்துக்கு முன்னால் நீங்கள் எழுந்து என்ன? "உதிலை" என்று சொன்னால் பயப்படும், ஆனால் திரும்பிவிடும். இப்படி இரண்டு பக்கமும் யோசித்து முடிந்தபோது எனக்குத் தோன்றியது: திரும்பத்தான் போகிறார்கள் என்றால், திரும்பிய இடத்தில் ஒருவர் நிற்கலாம் அல்லவா?

இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. அன்றைக்கும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஆகவே இப்படிச் செய்கிறேன். விளக்கைக் காட்டியதும் அந்தக் கதவைப் பார்ப்பேன். அதில் ஒருவரும் இல்லாவிட்டால், வாக்குக் கொடுத்தபடி "அங்கே". இருந்தால், இருப்பதைச் சொல்வேன்.

இம்முறை கண்ணாடி போட்டிருப்பேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் அன்றைக்கு வரைக்கும் அதை வாசித்து வாசித்தே என் குரல் போய்விடும்.

பணிவன்புடன்,
நோர்மன்


குருநகர்
30.09.2024

நோர்மன் அண்ணை,

விடிய எழும்பினால் தடிமன். மண்டபத்துக் குழாயிலை தலையை நனைச்சால் வராமல் என்ன செய்யும்? றொசாந்தி குழறியிருப்பாள், எனக்குக் கேக்கேல்லை. அவளுக்கு முன்னாலை கொண்டையை அவிட்டன். அப்ப மயிரிலை மா பூசினவை, இப்ப அந்தச் செலவும் இல்லை.

கடைசி றீல் தொடங்க அந்தப் பிள்ளை பிரியந்தினி வெளியிலை வந்து என்னைக் கண்டுது. ஈரத்தலையோடை வெள்ளைச்சீலை. வாயிலை கைவைச்சுது. பிறகு கதவைத் திறந்து விட்டுது. நல்ல பிள்ளை, உங்களிட்டைப் படிச்சதோ?

உள்ளுக்கை இருட்டு. எனக்கு முன்னாலை முழுக்கச் சனத்தின்ரை பிடரியள். மேடையிலை நீங்கள், உங்கடை கண்ணாடி மட்டும் மினுங்குது. கையைக் கட்டிக்கொண்டு நிண்டியள், அதே பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. நான் மனசுக்கை நினைச்சன், இந்த மனிசன் இண்டைக்கும் கெடுக்கப்போகுது.

நீங்கள் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. உங்கடை வாயையும் நான் பாக்கேல்லை. நீங்கள் என்னைக் கண்டதைத்தான் பாத்தன். கைகட்டு அவிண்டுது. ஒரு காலைப் பின்னுக்கு வைச்சியள். அண்ணை, நான் வருவனெண்டு தெரிஞ்சுகொண்டும் பயந்தியளே! அது நடிப்பில்லை.

பிறகு எல்லா முகமும் என்ரை பக்கம் திரும்பிச்சுது. ஒரேயடியா. கிழடு, குஞ்சு, முன்வரிசையிலை இருந்த பெரிய மனிசர், எல்லாம். வாயெல்லாம் திறந்து கிடக்கு, சத்தம் ஒண்டும் இல்லை. ஒரு மனிசி கதிரையாலை விழுந்திட்டா. அதுகள் திரும்பேக்கை நான் அப்பு சொன்ன மாதிரிக் கண்ணை மூடினன், மூடிப்போட்டுத் திறந்தன். சரியாத்தான் திறந்திருக்கிறன். அந்த முகங்களைக் கண்டால் தெரியுது.

பிறகு விளக்கைப் போட்டுச் சனம் வந்து மொய்ச்சதும், அந்தப் பிள்ளை என்ரை பேரை எழுதிக் கேட்டதும், நான் என்ரை வாயாலையே உரத்துச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு உரத்தெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் காதைப் பொத்தினதாலை விளங்கினது. குடையையும் விட்டிட்டுப் போட்டியள். இஞ்சை கிடக்கு, வந்து எடுங்கோ. படலையைத் தொட்டுப்போட்டுப் போறேல்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதினனான்.

அவையள் எல்லாரும் என்னைப் பாத்த நேரம், நான் அவையின்ரை தலைக்கு மேலாலை திரையைப் பாத்தன். நீங்களும் திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டியள். அந்த மண்டபத்திலை திரையைப் பாத்துக்கொண்டு நிண்டது நான் ஒருத்திதான்.

முதல் மயிர் வந்துது. பிறகு நெற்றி. தண்ணி ஆடாமல் வாறாள், அண்ணை. இருவது வயசு. கழுத்துமட்டும் வந்து நிண்டாள். நான் மூச்சை விடேல்லை. கண்ணைத் திறந்தாள்.

நேரை என்னைத்தான் பாத்தாள்.

எனக்குப் பயம் வந்திட்டுது. மெய்யா வந்திட்டுது. பின்னுக்கு அடிவைக்கக் கதவு முதுகிலை இடிச்சுது.

யசிந்தா